சார்ஜ் ஏறாத சின்னக் கணினி

இந்த அத்தியாயம் கைப்பைக்குள் அடங்கும் விசைப்பலகைக் கணினிகளைப் பற்றியது. அவற்றில் மூன்று வகை உண்டு. ஜிபிடி பாக்கெட் (2017), பிளானட் கம்ப்யூட்டர்ஸின் ஜெமினி (2018) போல மடித்து மூடும் குட்டி லேப்டாப்புகள் முதல் வகை. 2020 நவம்பரில் வந்த ராஸ்பெரி பை 400 போல, விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கிவிட்டு திரையை நம்மிடம் விட்டுவிடுபவை இரண்டாவது. டேப் அல்லது போனோடு ஒரு மடக்கு ப்ளூடூத் கீபோர்டைச் சேர்த்து நாமே உண்டாக்கிக்கொள்வது மூன்றாவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதிகம் கண்ணில் படுவது இந்த மூன்றாவதுதான். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரசு கொடுத்த கைக்கணினி, மகளிர் குழுக் கணக்கு எழுதும் டேப், கல்லூரி மாணவர் பேருந்தில் மடியில் விரித்துத் தட்டும் கீபோர்டு என்று கந்தர்வகோட்டையிலிருந்து மணமேல்குடி வரை இது பரவியிருக்கிறது.

இந்த மூன்றுக்கும் சார்ஜ் ஏற்றும் துளை பெரும்பாலும் டைப்-சி. கடைக்காரர் ‘சி பின்’ என்பார். வடிவம் ஒன்றுதான் என்பதால் எந்த சார்ஜரும் எந்தக் கேபிளும் எந்தக் கருவிக்கும் பொருந்தும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். செருகினால் பொருந்தத்தான் செய்கிறது. மின்சாரம் வருமா என்பது வேறு கேள்வி. போர்டு போச்சு, பேட்டரி போச்சு என்று கழித்துக்கட்டப்படும் சின்னக் கணினிகளில் பல உண்மையில் நல்ல நிலையில் இருப்பவை. சார்ஜரும் கேபிளும் கருவியும் ஒத்துப்போகாததுதான் அங்கே கோளாறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் கருவி வாங்குவது கையிலுள்ள காசைத் தொலைப்பது. அதனால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை.

கேட்டால்தான் கொடுக்கும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் சார்ஜரில் உருண்டைப் பின் இருக்கும். சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து அந்தப் பின்னில் மின்னழுத்தம் நிற்கும், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய பட்டை வடிவ யூ.எஸ்.பி. துளையும் (இதை ஏ என்போம்) அப்படித்தான். எப்போதும் 5 வோல்ட் தயாராக இருக்கும்.

சி துளை உள்ள சார்ஜர் அப்படியில்லை. சும்மா இருக்கும்போது அதன் மின்கம்பியில் வோல்டேஜ் கிடையாது. துளைக்குள் உள்ள 24 தொடுமுனைகளில் சி.சி. எனப்படும் இரண்டு முனைகள் பேச்சுவார்த்தைக்கு ஒதுக்கப்பட்டவை. சார்ஜ் ஏற வேண்டிய கருவி, அந்த இரண்டு முனைகளிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்திருக்க வேண்டும். சார்ஜர் அந்த மின்தடையைக் கண்டுகொண்ட பிறகே 5 வோல்டைத் திறந்துவிடும். கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் முனைகள் இரண்டு, மின்தடையும் இரண்டு.

மலிவு விலை மடக்கு கீபோர்டு செய்பவர்களில் பலர் இந்த இரண்டு மின்தடைகளையும் விட்டுவிடுகிறார்கள். பழைய மைக்ரோ துளையைக் கழற்றிவிட்டு சி துளையை ஒட்டியதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. பெட்டியோடு ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் சி உள்ள குட்டைக் கேபிளைக் கொடுப்பார்கள். அதில் சார்ஜ் ஏறும், ஏனென்றால் ஏ துளை கேட்காமலே கொடுக்கும். பிறகு வீட்டுக்குப் புது சார்ஜர் வரும். அதில் இரு பக்கமும் சி. கீபோர்டு அன்றோடு ‘செத்துவிடும்’.

கீழராஜவீதிப் பக்கம் ஒரு மொபைல் கடையில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியை மூன்றாக மடியும் கீபோர்டை மேசையில் வைத்தார்.

“போர்டு போயிருக்கும் டீச்சர். இதைத் தொறந்து பாக்குற செலவுக்குப் புதுசே வாங்கிரலாம்.”

“போன வாரம் வரைக்கும் நல்லா ஏறுச்சு தம்பி. வீட்ல புது சார்ஜர் வாங்குனதுலருந்துதான் இப்படி.”

விடை அவர் சொன்னதிலேயே இருந்தது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு யூ.எஸ்.பி. மீட்டரைச் செருகியபோது அதன் திரை விளக்கே எரியவில்லை. வோல்டேஜே வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அதே கீபோர்டில் கடையில் கிடந்த பழைய ஏ–சி கேபிளையும் பழைய சார்ஜரையும் மாட்டியதும் மீட்டரில் 5 வோல்டுக்குச் சற்று மேலே எண் வந்தது, கூடவே சின்னதாக ஒரு ஆம்பியர் அளவும். கீபோர்டின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. போர்டும் பேட்டரியும் நன்றாகவே இருந்தன.

உங்களுக்கும் இதே நிலை என்றால் தீர்வு மூன்று. பழைய ஏ–சி கேபிளை அந்தக் கருவியோடு கட்டி வைத்துக்கொள்வது எளிது, செலவில்லாதது, நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஏ துளையும் சி துளையும் சேர்ந்துள்ள சார்ஜராக வாங்குவது இரண்டாவது. மூன்றாவது, நல்ல கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகளை சி.சி. முனைகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் சால்டர் வைக்கச் சொல்வது. பொருளின் விலை சில்லறைக் காசு. வேலை நுட்பமானது, பூதக்கண்ணாடி வேண்டும்.

இந்தக் கோளாறு மலிவுப் பொருளுக்கு மட்டும் உரியதல்ல. 2019 ஜூனில் வெளியான ராஸ்பெரி பை 4, உலகம் முழுவதும் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படும் கணினி. அதை வடிவமைத்தவர்கள் இரண்டு சி.சி. முனைகளுக்கும் தனித்தனி மின்தடை வைக்காமல் இரண்டையும் சேர்த்து ஒரே மின்தடையில் கட்டிவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதிக மின்சாரம் தாங்கும் விலையுயர்ந்த கேபிளுக்குள் தன் தகுதியைச் சொல்லும் சிறு சிப் ஒன்று உண்டு, அதுவும் ஒரு மின்தடையைக் காட்டும். இரண்டும் சேர்ந்ததும், எதிரில் இருப்பது ஒலிக்கருவி என்று சார்ஜர் எடுத்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. நல்ல கேபிளில் வேலை செய்யாது, சாதாரணக் கேபிளில் வேலை செய்யும். டைலர் வார்ட் என்ற பொறியாளர் காரணத்தைக் கண்டு எழுதினார், நிறுவனமும் ஒப்புக்கொண்டு அடுத்த திருத்தத்தில் சரிசெய்தது. எனவே ‘நல்ல கேபிள்தானே போட்டேன்’ என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்டாதீர்கள். ஒரு சாதாரணக் கேபிளிலும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கேபிளை உருவி, அப்படியே தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறவில்லை என்றால் ஒரு சி.சி. முனை மட்டும் கெட்டிருக்கிறது, அல்லது அழுக்குப் பிடித்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எத்தனை வாட், எந்த வாட்

சார்ஜர் மேல் 33, 65, 80 என்று வாட் எண் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் அந்த நிறுவனத்தின் சொந்த போனுக்கு, அதன் சொந்தக் கேபிளில் கிடைக்கும் அளவாக இருக்கலாம். வூக் போன்ற தனி நிறுவன முறையில் வேகம் பிடிக்கும் சார்ஜர், வேறு கருவியைக் கண்டால் பல நேரம் 10 வாட்டுக்கு இறங்கிவிடும். குட்டி லேப்டாப்புகள் எதிர்பார்ப்பது பவர் டெலிவரி, அதாவது பி.டி. எனப்படும் பொது முறையை. அதில் 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகள் உண்டு. சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்தப் படிகள் வரிசையாக இருக்கும். அட்டைப்பெட்டியின் முன்பக்க எண்ணைவிட அந்தப் பொடி எழுத்தை நம்புங்கள்.

சில கருவிகளுக்கு அவ்வரிசையில் ஒரு குறிப்பிட்ட படி இல்லாவிட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. ஜிபிடி பாக்கெட்டோடு வந்த சார்ஜர் 12 வோல்ட் தருவது. 12 வோல்ட் இப்போதைய பி.டி. விதியில் கட்டாயப் படி அல்ல, பல சார்ஜர்களில் அது இருக்காது. அந்தச் சார்ஜரைத் தொலைத்தவர்கள் ‘சார்ஜ் மெதுவாக ஏறுகிறது, வேலை செய்தால் இறங்குகிறது’ என்று சொல்வதற்குக் காரணத்தை முதலில் இங்கே தேட வேண்டும்.

ராஸ்பெரி பை 400 இதற்கு நேர் எதிர். அதற்கு 5 வோல்டே போதும், ஆனால் 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜர்கள் பல 9 வோல்டில் தாராளமாகக் கொடுத்துவிட்டு 5 வோல்டில் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்டுக்குக் கீழே போனால் திரை ஓரத்தில் மின்னல் குறி தோன்றும். அதை அலட்சியப்படுத்தினால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்து கோப்பு கெடலாம். இந்தக் கருவிக்குள் பேட்டரி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கரண்ட் போனால் அந்த நொடியே எல்லாம் போகும். அதிகம் கரண்ட் போகும் ஊரில் இருப்பவர், சார்ஜ் ஏறிக்கொண்டே மின்சாரமும் தரும் பவர் பேங்க் ஒன்றை நடுவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறும் கணத்தில் விட்டுப்போகாத பவர் பேங்க்தானா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்குங்கள்.

மின்னல் குறிக்கு இன்னொரு காரணம் கேபிளின் தடிமன். 28 கேஜ் கம்பி உள்ள ஒரு மீட்டர்க் கேபிளில் போகவும் வரவும் சேர்த்து மின்தடை சுமார் 0.4 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.2 வந்து சேரும். கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று வாங்கும் இரண்டு மீட்டர்க் கேபிளில் இழப்பு இரட்டிப்பு. கேபிளின் மேலுறையில் கேஜ் எண் அச்சிட்டிருந்தால் பாருங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். ஒன்றும் அச்சிடாத கேபிளை லேப்டாப் வகைக்கு வாங்க வேண்டாம். பி.டி. கேபிள்களில் 60 வாட், 240 வாட் என்ற குறியீடு இருக்கும், நம் குட்டிக் கணினிகளுக்கு 60 தாராளம்.

சார்ஜர், பவர் பேங்க் எதுவானாலும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் எந்த உற்பத்தியாளருக்குக் கொடுத்தது என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறொன்று என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு முள் சார்ஜரில் உலோக உடல் கொண்ட கருவியை மாட்டி, வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று தொட்டால் லேசாக ஊறுவது போல் இருக்கும். நல்ல சார்ஜரிலும் அந்த அளவுக்குக் கசிவு உண்டு, டேப்பின் திரை அப்போது தானாக ஓடுவதும் அதனால்தான். ஊறல் ‘சுரீர்’ என்ற அதிர்ச்சியாக மாறினால் அந்தச் சார்ஜரை அன்றே குப்பையில் போட வேண்டும். அது உயிர் விஷயம்.

யாருக்கு யார் சார்ஜ் ஏற்றுவது

சி–சி கேபிளில் பவர் பேங்கை டேப்போடு இணைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் டேப் காலியாகி பவர் பேங்க் நிரம்பியிருக்கும். இரண்டுமே கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தவை. யார் கொடுப்பது என்பதை இணைத்த கணத்தில் அவையே தீர்மானிக்கின்றன, சில நேரம் தப்பாக. ஆண்ட்ராய்டில் மேலிருந்து அறிவிப்பை இழுத்து, யூ.எஸ்.பி. அமைப்பில் இதை மாற்றலாம். இல்லையென்றால் கேபிளை உருவி, பவர் பேங்கின் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி செருகுங்கள். ஏ–சி கேபிள் போட்டால் இந்தக் குழப்பமே வராது, ஏனென்றால் பவர் பேங்கின் ஏ துளை கொடுக்க மட்டுமே செய்யும்.

மடக்கு கீபோர்டுக்கு வேறு சிக்கல். அதன் பேட்டரி மிகச் சிறியது, இழுக்கும் மின்சாரமும் சொற்பம். யாரும் இணைக்கவில்லை என்று நினைத்து பவர் பேங்க் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் சிறு கருவிகளுக்கான நிலை வரும். வசதி இல்லாவிட்டால் கீபோர்டோடு போனையும் இன்னொரு துளையில் மாட்டிவிடுங்கள், அணையாது.

அடியோடு தீர்ந்த பேட்டரி இன்னொரு பொறி. மாதக் கணக்கில் அலமாரியில் கிடந்த குட்டி லேப்டாப்பில் பெரிய பி.டி. சார்ஜரைப் போட்டால் எந்த அசைவும் இருக்காது. பேசுவதற்குக்கூட உள்ளே உயிர் இல்லாததால் வரும் நிலை அது. ஏ–சி கேபிளில் சாதாரண 5 வோல்ட் சார்ஜரை மாட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பெரிய சார்ஜருக்கு மாறலாம். கருவியில் சி துளை இரண்டு இருந்தால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டுமே சார்ஜ் ஏறும்படி செய்யப்பட்ட கருவிகள் உண்டு.

செம்மண், உப்பு, வெயில்

ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் செம்மண் தூசி துளைக்குள் போய், பையின் நூல் பஞ்சோடு சேர்ந்து அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். கேபிள் செருகும்போது ‘டிக்’ என்ற பிடிப்பு இல்லாமல், பிளக்குக்கும் கருவிக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தால் அதுதான். டார்ச் அடித்துப் பாருங்கள். கருவியை அணைத்துவிட்டு, பல் குச்சியின் நுனியை மெல்லியதாகச் சீவி, துளையின் ஓரமாக விட்டு நெம்பினால் படிவு சிறு பாளமாக வெளியே வரும். துளையின் நடுவில் நாக்கு போல் ஒரு தகடு இருக்கிறது. தொடுமுனைகள் எல்லாம் அதன் மேல்தான். அதை அழுத்தக்கூடாது. ஊக்கு, ஊசி, சிம் எடுக்கும் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். ஜாக் மாற்ற வேண்டி வருவதற்கு ஊக்குதான் பெரிய காரணம் என்று மெக்கானிக்குகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் கதை வேறு. உப்புக் காற்றின் ஈரம் துளைக்குள் இருக்கும்போது மின்சாரமும் பாய்ந்தால், மின்சாரம் வரும் தொடுமுனைகளின் தங்க முலாம் கரைந்து கறுத்துப்போகும். ஈரம் மட்டும் இருந்தால் இவ்வளவு வேகமாக அரிக்காது. அதனால் கடற்கரையில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் கேபிளைக் கருவியிலிருந்து உருவிவிட வேண்டும், சுவிட்ச் போட்டபடி கேபிளைத் தொங்கவிடக் கூடாது. துளைக்கு ரப்பர் மூடி விற்கிறார்கள், வாங்கிப் போடுங்கள். கடல்நீர் பட்டுவிட்டால் உடனே அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிட அதன் தவிடும் நொய்யும் துளைக்குள் சேர்வதுதான் அதிகம்.

லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை பொதுவாக 45 டிகிரி. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ கீழே, உறைக்குள் மூடிய டேப் அந்த எல்லையை எளிதில் தொடும். அப்போது சார்ஜ் தானாக நிற்பது பாதுகாப்பு ஏற்பாடு, பழுது அல்ல. உறையைக் கழற்றிவிட்டு விடியற்காலையில் ஏற்றுங்கள். குட்டி லேப்டாப்புகளில் பேட்டரி விசைப்பலகைக்கு நேர் கீழே இருப்பதால், அது உப்புவதன் முதல் அடையாளம் இடைவெளி விசையில் தெரியும். நடுவில் லேசாக மேடு தட்டும், அழுத்தினால் பழைய ஆழம் இறங்காது. அதன் பிறகு சார்ஜ் போடவே கூடாது.

புயலுக்கு முன்னும் பின்னும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் மட்டும் சாயவில்லை, மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஊரே போனுக்கு சார்ஜ் போட்ட நாட்கள் அவை. நிவாரணக் கணக்கெடுப்பு, குடும்பத்தைத் தேடுதல், இறந்த மாட்டின் புகைப்படத்தை அனுப்புதல் என்று எல்லாமே அந்தக் கையளவு பேட்டரியை நம்பியிருந்தன. அதனால் இதை வசதிக்கான விஷயமாக நான் பார்க்கவில்லை.

கணக்கை முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 10,000 (மில்லி ஆம்பியர்-மணி) என்று எழுதிய பவர் பேங்க் 3.7 வோல்டில் 37 வாட்-மணி. அதை 5 வோல்டாக மாற்றும்போது இழப்பு போக, வெளியே வருவது சுமார் 6,000. பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று போட்டிருப்பதும் அந்த எண்தான். 8,000 அளவு பேட்டரி உள்ள டேப்பை அதனால் ஒரு முறைகூட முழுதாக நிரப்ப முடியாது. நாலைந்து நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் 20,000, அதையும் புரட்டாசி பிறக்கும்போதே முழுதாக ஏற்றிவைத்து மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

டிராக்டரோ காரோ இருந்தால் அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கார் சார்ஜர் வழியாக நேராக சி துளைக்கு எடுங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்டாக்கி, மறுபடி சார்ஜரில் 5 வோல்டாக இறக்குவது இருமுறை வீண். சோலார் தகட்டை நேரே டேப்பில் மாட்ட வேண்டாம். மேகம் கடக்கும்போதெல்லாம் விட்டுவிட்டு ஏறும். பகலில் பவர் பேங்குக்கு ஏற்றி, இரவில் அதிலிருந்து டேப்புக்கு.

மின்சாரம் திரும்பி வரும் கணம்தான் ஆபத்தானது. காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்த லைனில் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் நெருங்கி வரலாம். சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்து லோ வோல்டேஜை அவை சமாளித்துவிடும், நியூட்ரல் கட்டைச் சமாளிக்காது. கரண்ட் வந்ததும் முதலில் ஒரு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். அது வழக்கத்தை மீறிப் பிரகாசமாக எரிந்தாலோ ஃபேன் வெறிபிடித்துச் சுற்றினாலோ மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். விளக்கு சீராக நின்ற பிறகு சார்ஜரைச் செருகலாம்.

விசைப்பலகை: தமிழுக்கு மட்டும் வரும் தொல்லை

குட்டிக் கணினிகளைப் பற்றி வெளிநாட்டார் எழுதும் மதிப்புரைகளில் இது இருக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99 அமைப்பு, முழு அளவு விசைப்பலகையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இடம் போதாமல், ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகள் இருக்கும் விசைகளிலும் எழுத்துகளை வைத்தார்கள். அரைப்புள்ளி விசையில் ந, மேற்கோள்குறி விசையில் ய, சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ, சாய்கோட்டு விசையில் ழ.

விசைப்பலகையைச் சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது சரியாக இந்த விசைகளில்தான். ஆங்கிலம் தட்டுபவருக்கு அடைப்புக்குறி எப்போதோ தேவைப்படுவது. அதைப் பாதியாக நறுக்கி மேல் வரிசையில் போடுவார்கள், அல்லது எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்த வைப்பார்கள். நமக்கோ ச இல்லாமல் ஒரு வரி நகராது. கடையில் வாங்கும் முன் ‘ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் ஊர்ச் சந்தை’ என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். அந்த ஐந்து எழுத்தும் அதில் வந்துவிடும். எஃப்.என். தேடாமல் தட்ட முடிந்தால் வாங்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருள் கொண்டு, பயன்படாத கேப்ஸ் லாக் விசையை அடைப்புக்குறியாக மாற்றிவிடலாம், ச அங்கே வந்துவிடும். ராஸ்பெரி பையில் ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ் 99 கிடைக்கும், விசை மாற்றமும் செய்யலாம். ஆண்ட்ராய்டு டேப்பில் இப்படி மாற்றுவது எளிதல்ல. ஆகவே டேப்புக்கு வாங்கும் கீபோர்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

மடக்கு கீபோர்டில் கீல்களுக்கு அடியே நாடா போன்ற மெல்லிய கேபிள் ஓடுகிறது. அது மடிப்பில் விண்டால் ஒரு பக்க விசைகள் கூட்டமாகச் சாகும். வலப்பக்கம் போனால் தமிழ் 99-இல் மெய்களில் பெரும்பாலானவை வராது, உயிர் வரும். பேட்டரி தீர்ந்ததென்று சார்ஜ் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் செய்யவில்லை என்றால் அது சார்ஜ் சிக்கல் இல்லை, நாடா.

கடைக்குக் கொடுக்கும்போது

எந்தச் சார்ஜர், எந்தக் கேபிள், திருப்பிப் போட்டால் என்ன ஆயிற்று, மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதி, அந்தச் சார்ஜரையும் கேபிளையும் கூடவே கொண்டுபோங்கள். ஜாக் மாற்ற வேண்டும் என்று சொன்னால், பழைய ஜாக்கில் எத்தனை முனை இருந்ததோ அதே எண்ணிக்கை உள்ளதைப் போடச் சொல்லுங்கள். சார்ஜுக்கு மட்டுமான 6 முனை ஜாக் சில இடங்களில் மலிவாக மாட்டப்படுகிறது. அதில் சார்ஜ் ஏறும், ஆனால் பென் டிரைவும் வயர் கீபோர்டும் இனி வேலை செய்யாது, வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் தெரியும். பணம் கொடுக்கும் முன்பே சி–சி கேபிளில் ஒரு முறை, திருப்பிப் போட்டு ஒரு முறை, ஏ–சி கேபிளில் ஒரு முறை சார்ஜ் குறி வருகிறதா பாருங்கள். பிறகு ஓ.டி.ஜி. மூலம் ஒரு பென் டிரைவை மாட்டி, அதிலுள்ள ஒரு கோப்பைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.